முத்திரை இல்லாத மங்கு

பழைய பீங்கான் சேகரிக்கும் ஆட்கள் ஒரு பூச்சாடியைக் கையில் எடுத்தால் முதலில் பூவையோ பறவையையோ பார்க்க மாட்டார்கள். கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். எந்த ஊர், எத்தனை வயது, அசலா போலியா, என்ன விலை கேட்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் மெமரி லேன் சந்தையில் நான்கு வருடமாகச் சுற்றுகிறேன். பழைய காசு, பழைய கடிகாரம் என்று சும்மா பார்க்கப் போனவன், ஒரு கட்டத்தில் டச்சுப் பூச்சாடிகளிடம் நின்றுவிட்டேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, ஓர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆலையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஆறு மாதம் கழித்து எங்கோ ஒன்று பழுதானால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த நாள், எந்த இயந்திரம், எந்த ஷிப்ட் என்று பின்னாலேயே நடந்து போய்க் கண்டுபிடித்துவிடலாம். டச்சுப் பூச்சாடியின் அடியிலும் அப்படி ஒரு கணக்கு இருந்ததுதான் என்னை இழுத்தது.

டெல்ஃப்ட் நகரத்தில் 1653இல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை 'டி போர்சலைன ஃப்ளெஸ்'. பீங்கான் புட்டி என்று அர்த்தம். அந்தப் பட்டறைச் சாடியைக் கவிழ்த்தால் ஒரு சின்னப் புட்டிப் படம் இருக்கும். அதன் கீழே 1876இல் பட்டறையை வாங்கிய யோஸ்ட் தோஃப்ட்டின் முதலெழுத்துகள், பிறகு 'டெல்ஃப்ட்' என்ற ஊர்ப்பெயர். பக்கத்தில் ஆண்டைச் சொல்லும் ஓர் எழுத்து. 1879க்கு 'ஏ' என்று ஆரம்பித்து வரிசையாக ஏறும் கணக்கு அது. இன்னோர் ஓரத்தில், தூரிகை பிடித்து வரைந்தவரின் முதலெழுத்துகள். ஐரோப்பாவின் ஒரு மூலையில் நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் காலையில் வந்து உட்கார்ந்து இந்தச் சாடிக்கு நீலம் தீட்டினார் என்பதற்கு, அவர் கையாலேயே எழுதிய சாட்சி.

ஈப்போ சந்தையில் கைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி சுற்றுலாச் சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றாலை, மரச்செருப்பு, 'ஹாலந்தில் கையால் தீட்டியது' என்ற வாசகம். விமானப் பயணிகளுக்குக் கே.எல்.எம். நிறுவனம் 1952 முதல் கொடுத்துவரும் நீல வெள்ளைக் குட்டி வீடுகளும் அவ்வப்போது வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அச்சுப் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். தூரிகைக் கோடு அப்படி இருக்காது. நிறம் ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் வெளிறும், கை எங்கே நின்று திரும்பியது என்று தெரியும். இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

பழகிய பிறகு எனக்கு வேறொரு கேள்வி வந்தது. இந்த நீல வெள்ளைச் சாடி ஹாலந்துக்கு எப்படிப் போனது? பதிலைத் தேடினால் அது நம்ம கடலில் வந்து முடிகிறது.

ஜொகூர் கடலில் ஒரு கொள்ளை

1603 பிப்ரவரி 25ஆம் தேதி. ஜொகூர்க் கரைக்குப் பக்கத்தில், இன்றைய சிங்கப்பூரின் கிழக்கே, 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுத் தளபதி யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் பிடித்தார். ஜொகூர்க்காரர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். மக்காவிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல் அது. உள்ளே சீனப் பட்டும் சீனப் பீங்கானும் நிறைந்து கிடந்தன. சரக்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் 1604இல் ஏலம் விடப்பட்டது. வாங்குவதற்கு ஐரோப்பாவே திரண்டது. இந்த வகைப் போர்த்துகீசியக் கப்பலுக்கு 'கராக்' என்று பெயர். அந்தக் காலச் சீன நீல வெள்ளைப் பீங்கானுக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் 'கிராக்' என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான் என்பது பரவலான கருத்து.

திருட்டுச் சரக்கை விற்றாயிற்று, நியாயம் சொல்ல வேண்டுமே. ஹூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை அந்த வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் எழுதிய நீண்ட வாதத்தின் ஒரு பகுதி 1609இல் 'மாரே லிபெரும்' என்ற பெயரில் நூலாக வந்தது. கடல் எவருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது என்பது அதன் சாரம். சர்வதேசக் கடல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் தொடக்கத்திலேயே இந்த நூலைச் சந்திக்கிறார்கள். ஜொகூர்க் கடலில் நடந்த ஒரு கொள்ளைக்கு எழுதிய வக்காலத்து அது என்பதையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

ஐரோப்பாவில் அப்போது யாருக்கும் பீங்கான் செய்யத் தெரியாது. வெண்களிமண்ணும் 1300 டிகிரிச் சூடும் சேர்ந்த அந்த ரகசியம் சீனாவிடமும் கொரியாவிடமும் ஜப்பானிடமும்தான் இருந்தது. 1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீனாவில் போர் மூண்டதும் சரக்கு வரத்து குறைந்தது. வாங்கிப் பழகிய ஐரோப்பியர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அந்தச் சந்தைக்குள் புகுந்ததுதான் டெல்ஃப்ட். நஷ்டத்தில் மூடிக் கிடந்த பீர்ப் பட்டறைகளை வாங்கி மண்பாண்டப் பட்டறைகளாக மாற்றினார்கள். சீனச் சாடியைப் பார்த்து அதே வடிவில் செய்தார்கள். ஐந்து சாடிகளை ஒரு வரிசையாக அலமாரிக்கு மேலே அடுக்கி வைப்பது பணக்கார வீடுகளில் வழக்கமானது. அந்தச் சாடிகளில் பூ வைத்தார்களா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அலமாரி மேலே இருந்தாலே போதும், கௌரவம்.

வெள்ளையின் ரகசியம்

டெல்ஃப்ட் சாடி பார்க்கத்தான் பீங்கான். உள்ளுக்குள் சாதாரண மண். ஓரம் கொஞ்சம் உடைந்த சாடியைப் பார்த்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மண் தெரியும். அந்த மண்ணை மூடி வெள்ளையாகக் காட்டுவது மேலே பூசிய மெருகு. ஈயமும் மணலும் உப்பும் கலந்த கண்ணாடி மெருகுக்குள் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தால் அது பாலைப் போல வெளுத்துவிடும். ஒளி உள்ளே போய்ச் சிதறுவதால் அடியில் இருக்கும் மண் தெரியாது. ஒருமுறை சுட்ட பாண்டத்தை அந்த மெருகில் முக்கி எடுத்து, அது காய்ந்ததும் மேலே கோபால்ட்டால் வரைய வேண்டும். அரிசி மாவில் எழுதுவது போல, மை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தப்பு செய்தால் அழிக்க முடியாது. பிறகு மறுபடி சூளை.

வெள்ளீயம் என்று படித்ததும் பேராக்காரனான எனக்குக் காது நிமிர்ந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு ஈயம் என்றால் வீட்டு வார்த்தை. ஈப்போவைச் சுற்றியிருக்கும் குளங்களில் பாதி, ஈயம் தோண்டிவிட்டுப் போன குழிகள்தான்.

டச்சுக்காரர்களும் பேராக்குக்கு வந்தது இதற்காகத்தான். 1602இல் அமைந்த அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியை அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளால் வி.ஓ.சி. என்று அழைப்பார்கள். நமக்கு வ.உ.சி. என்றால் கப்பலோட்டிய தமிழர்தான் ஞாபகம் வருவார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்தவரின் பெயரும், அதைவிடப் பழைய ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பது வரலாற்றின் குசும்பு.

1641இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த வி.ஓ.சி., பேராக் ஈயத்தைத் தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட முயன்றது. ஆற்று முகத்துவாரத்தில் கப்பலை நிறுத்திக் காவல் காத்தது. பேராக்காரர்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. 1651இல் டச்சு வணிகச் சாவடி தாக்கப்பட்டது. 1670இல் பங்கோர் தீவில் கோட்டை கட்டினார்கள். 1690இல் அதுவும் தாக்கப்பட்டது. 1743இல் மறுபடி ஆட்களை நிறுத்தி, ஐந்தே வருடத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். தெலுக் கெடோங்கில் இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் 'கோத்தா பெலண்டா' அதுதான். சற்றுத் தள்ளி ஒரு பெரிய பாறை. அதில் 1743 என்ற ஆண்டும் வி.ஓ.சி. முத்திரையும் செதுக்கியிருக்கின்றன. பூச்சாடியைக் கவிழ்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பாறையும் ஓர் அடிப்பக்கமாகத்தான் பட்டது.

பேராக் ஈயம் இந்தியக் கரைக்கும் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. அதற்கு வி.ஓ.சி. என்ன கொடுத்தது? வெள்ளி ரியால். கூடவே துணி. அந்தத் துணி சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியும், 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தும், தமிழ்க் கரையின் தறிகளில் நெய்த துணியைத் தென்கிழக்காசியா முழுக்க டச்சுக்காரர்கள் விற்றார்கள். இந்தோனேசியத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பழைய இந்தியத் துணிகளில் வி.ஓ.சி. முத்திரை குத்திய துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கம்பெனி முத்திரை இருக்கிறது. நெய்தவர் யார் என்பதற்குத் துணியில் ஒரு நூல்கூட இல்லை.

துணியோடு மனிதர்களும் போனார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்தடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பட்டு நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றப்பட்டார்கள். மலாயாவுக்குத் தமிழர்கள் வந்த கதையை நாம் ரப்பரிலிருந்து ஆரம்பிப்பதே வழக்கம். வணிகர்களாக வந்த சூலியாக்களைக் கொஞ்சம் நினைவு வைத்திருக்கிறோம். பேராக் ஈயத்தில் வி.ஓ.சி.யோடு போட்டி போட்டவர்கள் அவர்கள். டச்சுக் கப்பலில் விலைக்குப் போனவர்கள் நம் நினைவுப் பட்டியலிலேயே இல்லை.

1874

டச்சுக்காரர்கள் விட்டுப்போன அதே பங்கோர் பெயரில் 1874 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பேராக் அவர்கள் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்ற வான் ஹூட்டன் சட்டம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எனக்கு ஒரு தட்டு காரணமானது.

ஈப்போவிலும் கோலகங்சாரிலும் பழைய பொருள் கடைகளில் டெல்ஃப்ட்டைவிட அதிகமாகக் கண்ணில் படுவது இன்னொரு டச்சு ஊரின் சரக்கு. மாஸ்ட்ரிக்ட். அங்கே பெத்ருஸ் ரெகூ என்பவர் 1830களில் தொடங்கிய ஆலை, படம் அச்சடித்த தட்டுகளையும் கிண்ணங்களையும் மலாய் உலகத்துக்கு ஏற்றுமதி செய்தது. சில வடிவங்களின் பெயரைப் பாருங்கள்: 'பாஜோங்', 'திமோர்'. பாஜோங் என்றால் நம்ம பாயோங், குடை. வாங்குபவரின் மொழியிலேயே பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். கவிழ்த்தால் ஸ்பிங்ஸ் படம், ரெகூ பெயர், ஊர். 1899 முதல் ஆலையின் பெயரே 'ஸ்பிங்ஸ்' ஆனது.

மலாயில் தட்டுக்குப் பிங்கான் என்று பெயர். தமிழில் பீங்கான். இரண்டுமே பாரசீகத்துப் 'பிங்கான்' என்ற சொல்லிலிருந்து கடல்வழியாக வந்தவை. ஒரே சொல் இரண்டு மொழிக்குள் இறங்கி, ஒன்றில் தட்டாகவும் இன்னொன்றில் அந்தத் தட்டைச் செய்த பொருளாகவும் நின்றுவிட்டது.

ரெகூ தட்டில் படம் எப்படி ஏறியது என்று தெரிந்துகொள்வது நல்லது. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைத் தட்டின்மேல் ஒட்டித் தேய்த்து எடுப்பார்கள். ஓரத்தில் இரண்டு தாள் சேரும் இடத்தில் பூக்கொடி சரியாகப் பொருந்தாமல் ஒரு வெட்டு இருக்கும். ஐரோப்பிய ஆலைகளில் இந்த ஒட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. 1887இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு மாஸ்ட்ரிக்ட் ஆலைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. 12 வயதைத் தாண்டிய பிள்ளைகள் இரவு வேலை செய்வதும், நீண்ட வேலை நேரமும், தூசியில் நோய் வருவதும் பதிவாயின. 1889இல் புதுத் தொழிலாளர் சட்டம் வந்ததற்கு அந்த விசாரணை ஒரு காரணம். தொழிலாளர்களை அடுக்கி வைக்க ரெகூ ஒரு பெரிய குடியிருப்பும் கட்டினார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம்ம லயம்தான் ஞாபகம் வந்தது. மேலே மேலே அடுக்கிய லயம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாஸ்ட்ரிக்ட் தொழிலாளர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தார்கள். அச்சிட்டார்கள். அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தட்டின் அடியில் தொழிலாளியின் பெயர் இல்லாவிட்டாலும், அந்தத் தட்டிலிருந்து பின்னால் நடந்து போனால் ஒரு குரல்வரை போய்ச் சேரலாம்.

மங்கு

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நட்டார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, வேலி போட்டு, பலகை வைத்து. அடுத்த முப்பது வருடத்தில் பேராக் காடுகள் பால்மரக் காடுகளாயின. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கிண்ணம் வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, தகரம், கண்ணாடி என்று பலதும் பார்த்துவிட்டு, மெருகிட்ட மண் கிண்ணம் பரவலானது. தகரம் துருப்பிடித்துப் பாலைக் கறையாக்கும். மெருகிட்ட கிண்ணத்தில் பால் ஒட்டாது, காய்ந்த கட்டியை விரலால் உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும். நம் ஆட்கள் அதற்கு மங்கு என்று பேர் வைத்தார்கள். மலாயின் 'மங்கோக்'கும் தமிழின் 'மங்கு'வும் காதுக்கு அவ்வளவு நெருக்கம்.

இந்த மங்குகளில் ஏராளமானவை தெற்கே ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்களின் சூளைகளில் செய்தவை. மேட்டின் சரிவில் பாம்பு போல நீண்டு படுத்திருக்கும் 'டிராகன் சூளை'. கீழ் வாயில் விறகைப் போட்டால் அனல் மேல்நோக்கி ஏறும். ஒரே சூட்டில் ஆயிரக்கணக்கில் சுடலாம். சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் இரண்டு சூளைகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஆயர் ஹீத்தாமிலும் ஒன்றைப் பார்க்கலாம். பூந்தொட்டிக்கும் சாடிக்கும் புகழ்பெற்ற அந்தச் சூளைகளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது பால் மங்குதான். ரப்பர் சரிந்து, பிளாஸ்டிக் வந்ததும் சூளைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

என் சேகரிப்பில் டச்சுச் சாடிகளுக்குப் பக்கத்தில் இப்போது ஆறு மங்குகள் இருக்கின்றன. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி பால் வெட்டிய காலத்து மங்குகள். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றில் உப்பு இருந்தது, ஒன்று கோழிக்குத் தண்ணீர் வைக்க, ஒன்று சாமி மேடையில் விபூதிக்கு. பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. சில மங்கில் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்த வளையக் கோடு, ஒன்றில் குயவரின் விரல் மெருகில் பட்ட தடம். எழுத்து இல்லை, எண் இல்லை.

பாட்டியிடம் கேட்டேன். "மங்குக்கு ஏதுய்யா பேரு? நெரைக்குத்தான் நம்பரு. காட்டுக்கு வருசம். எனக்குப் பேரு பெரட்டுல கூப்புடுறப்பதான்" என்றார்.

அந்த மூன்று வரியில் தோட்டத்தின் கணக்குப் புத்தகம் முழுக்க இருக்கிறது. மரம் நட்ட ஆண்டு காட்டுக்குப் பேராகும். நிரைக்கு எண் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் ஆள் வந்தாரா என்று பார்க்கப் பெயர் கூப்பிடுவார்கள், அது கிராணியின் செக்ரோலில் ஏறும். நிர்வாகத்துக்கு எதைப் பின்தொடர வேண்டுமோ அதற்கெல்லாம் எண் இருந்தது. மங்கைத் துடைத்தது யார் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு நிரையில் 400 மரம். காலையில் மங்கை நிமிர்த்தித் துடைத்துக் கம்பியில் வைக்க வேண்டும். மரத்தைச் சீவ வேண்டும். திரும்பி வந்து பாலை வாளியில் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் மழைத் தண்ணீரும் இலையும் விழாமல் மங்கைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மாதம் 25 நாள், வருடம் 12 மாதம், 30 வருடம். 36 லட்சம் முறை. என் பாட்டி தன் வாழ்நாளில் 36 லட்சம் தடவை ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கிறார், அதன் அடியில் படிக்க ஒன்றும் இல்லாமலேயே.

கூடவே பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான். ஆனாலும் விடிவதற்கு முன்னால் அம்மாவோடு போய் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உரித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய தலைமுறை ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அவர்கள் பெயர் செக்ரோலிலும் இல்லை. அவர்களைக் கூப்பிட்டு விசாரித்து எழுதி வைத்த மாஸ்ட்ரிக்ட் மாதிரி ஒரு குழுவும் இல்லை.

எது சேகரிப்பு ஆகிறது

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் போயின. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்க. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தபோது மங்குகளைக் குவியலாக விட்டுப் போனார்கள்.

இப்போது அவை திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஈப்போ பழைய நகரத்துக் காப்பிக் கடைகளில் மேசைக்கு மேசை மங்குக்குள் கள்ளிச் செடி. சந்தையில் அங்கிள் ஒருவர் அடுக்கி வைத்து விற்கிறார். "எந்தத் தோட்டத்துது அங்கிள்?" என்று கேட்டால் கையை அகல விரிக்கிறார். "தோட்டம்தான் தம்பி, எல்லாம் தோட்டம்தான்." பக்கத்து மேசையில் டச்சுச் சாடி. அதன் விலையை அவர் அடிமுத்திரையைக் காட்டித்தான் சொல்கிறார். முத்திரை உள்ளதற்குக் கதை இருக்கிறது, கதை உள்ளதற்கு விலை இருக்கிறது. மங்கு வெறும் அழகுப் பொருளாக, ஒரு வாடையாக மட்டும் விற்பனையாகிறது.

கள்ளிச் செடி வைப்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குப்பையில் போவதைவிட அது மேல். டச்சுச் சாடி சேகரிப்பதை விடவும் போவதில்லை. ஆனால் அந்தப் பொழுதுபோக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே முக்கியமான பாடம், ஒரு பொருளுக்கு வரலாறு தானாக வராது, யாராவது அதன் அடியில் எழுத வேண்டும் என்பது. டெல்ஃப்ட்டில் வரைந்தவரே எழுதிக்கொண்டார். மாஸ்ட்ரிக்ட்டில் முதலாளி முத்திரை குத்தினார், தொழிலாளியின் பேச்சை விசாரணைக் குழு எழுதியது. நம் மங்கு விஷயத்தில் குயவரும் எழுதவில்லை, துரையும் எழுதவில்லை. பால் வெட்டியவருக்கு எழுத நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. எழுதக்கூடிய ஒரே தலைமுறை இப்போது நாம்தான். அதற்கும் காலம் குறைவு. நிரை எண்ணை ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.

என் ஆறு மங்குகளிலும் பாட்டியைக் கேட்டுக் கேட்டு எழுதிவிட்டேன். தோட்டத்தின் பெயர், காட்டின் வருடம், நிரை எண், வெட்டியவர் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை. துடைத்த பிள்ளைகளின் பெயரும் உண்டு. அதில் என் அப்பாவும் ஒருவர். ஆறாவது மங்கு பாட்டியுடையது இல்லையாம், பக்கத்து நிரைக்காரருடையது, எப்படியோ கலந்து வந்துவிட்டது. அவர் பெயரையும் பாட்டி சொன்னார். எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு மங்கு எங்காவது கிடக்கும். கொல்லையில், சாமி மேடையில், மாடிப்படிக்குக் கீழே. எடுத்துக் கவிழ்த்து, கேட்க வேண்டியவரைக் கேட்டு எழுதிவிடுங்கள். இதற்குத் தனி மை எதுவும் தேடிப் போக வேண்டாம். மங்கின் அடிவளையத்தில் மெருகு இருக்காது, வெறும் சுட்ட மண்தான். பென்சில் நன்றாகப் பிடிக்கும்.